ஆடு களவு போனால் எங்கே போய்ச் சொல்வது? கிராமத்துப் போலீஸ் பற்றி ஓர் எளிய அறிமுகம்

கிராமத்தில் வாழ்கிறவர்களில் பலர் போலீஸ் ஸ்டேஷன் படியேறாமலே வாழ்நாளைக் கழித்துவிடுகிறார்கள், அதைக் கௌரவமாகச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் கட்டியிருந்த ஆடு விடிந்து பார்த்தால் இல்லை, கிணற்று மோட்டார் வயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை வெட்டித் தள்ளிவிட்டார், கட்டிக்கொடுத்த பெண் அடிபட்டு வந்து வாசலில் நிற்கிறாள் என்று ஏதோ ஒரு நாள் போகத்தான் வேண்டியிருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் போய் நிற்கிறவரை அலைக்கழிப்பது ரொம்பச் சுலபம். அதனால் கிராமத்துக் காவல் எப்படி நடக்கிறது, யார் யாரிடம் எதைச் சொல்கிறார்கள், எந்த இடத்தில் அது அடைத்துக்கொள்கிறது என்பதை முடிந்தவரை எளிமையாக எழுதுகிறேன். போலீஸ் என்பது அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டை வைத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. சட்டம் ஒழுங்கு பார்க்கும் காவல் நிலையங்கள் ஏறத்தாழ 1,300, அதிலும் ஒரு பெரிய பங்கு சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சிக்குள்ளும் நாலைந்து குக்கிராமம், காலனி, தோட்டத்து வீடுகள். ஆக ஒரு கிராமப்புற ஸ்டேஷன் பல பத்து ஊர்களைப் பார்க்க வேண்டும். ஸ்டேஷனில் இருக்கும் ஆட்களை எண்ணிப் பார்த்தால் ஒருவர் கோர்ட் டியூட்டிக்குப் போயிருப்பார், ஒருவர் பாரா, அதாவது வாசல் காவல், ஒருவர் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர், இரண்டு பேர் ஏதோ தலைவர் வருகைக்கோ தேர்த் திருவிழாவுக்கோ பந்தோபஸ்து போயிருப்பார்கள், ஒருவர் லீவு. கடைசியில் ராத்திரி ரோந்துக்கு மிஞ்சுவது ஒரு பைக்கும் ஒன்றிரண்டு ஆட்களும்தான்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். கண்ணால் பார்த்துக் காவல் காப்பது கிராமத்தில் நடக்காத காரியம். ஊரில் இருக்கும் யாராவது சொன்னால்தான் ஸ்டேஷனுக்குத் தெரியும். கிராமத்தில் குற்றத் தடுப்பு முழுக்க முழுக்கத் தகவலை நம்பி ஓடும் வேலை. அப்படியானால் யாருடைய தகவல் போய்ச் சேருகிறது, யாருடையது நடுவழியில் நின்றுவிடுகிறது என்று கேட்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் இருக்கும் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

ஸ்டேஷன் வருவதற்கு முன்னால்

தென் மாவட்டங்களில் ஒரு காலத்தில் காவல்காரர்கள் இருந்தார்கள். ஊர் அவர்களுக்கு அறுவடையில் தானியமாகவோ பணமாகவோ காவல் கூலி கொடுக்கும், பதிலுக்கு ஊரில் களவு போனால் அவர்கள் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடு, பல இடங்களில் நன்றாகவும் நடந்திருக்கிறது. ஆனால் இதனோடு ஒட்டிக்கொண்டு துப்புக்கூலி என்று ஒன்றும் இருந்தது. மாடு காணாமல் போனால் துப்புச் சொல்ல ஒரு தொகை கேட்பார்கள், தொகை கைமாறியதும் மாடு ஏதோ ஓர் ஓடைக்கரையில் கட்டியிருக்கும். யார் அவிழ்த்துப் போனார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். காவலும் களவும் ஒரே கைக்குள் போனால் கூலி கொடுக்காத ஊர்தான் களவு போகும் ஊர்.

கம்பெனி ஆட்சி இந்த முறையை ஒழிக்கப் பார்த்தது, ஆனால் அது வைத்த மாற்று இதைவிட மோசமாக இருந்தது. 1816-ல் வந்த விதிகளின்படி போலீஸ் அதிகாரம் கலெக்டர், தாசில்தார், கிராமத் தலைவர் கைகளுக்குப் போனது. அதாவது நிலவரி வசூலிக்கிறவரும் போலீஸும் ஒருவரே. வரி கட்ட முடியாத குடியானவரை விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள், குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். இதையெல்லாம் விசாரிக்க ஓர் ஆணையமே போட வேண்டி வந்தது, சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகள் பற்றிய அதன் அறிக்கை 1855-ல் வெளியானது. வரி வேறு, போலீஸ் வேறு என்று பிரிக்க வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்துதான் வலுத்தது.

அதன் பிறகு வந்தது 1859-ஆம் வருடச் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம். இந்தியா முழுமைக்குமான 1861-ஆம் வருடச் சட்டத்துக்கு முந்தியது இது, இன்றைக்கும் தமிழ்நாட்டில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அயர்லாந்தில் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்த போலீஸ் அமைப்பைப் பார்த்துச் செய்தது. சீருடை, பதவி வரிசை, டிரான்ஸ்ஃபர், மேலே ஒரு ஐ.ஜி. எல்லாம் அப்போது வந்தவை. நல்லது என்னவென்றால் உள்ளூர் ஆள் பிடியிலிருந்து போலீஸ் விலகியது. கெட்டது என்னவென்றால் அது மேலே இருக்கும் அரசுக்குப் பதில் சொல்லும் படையாக வந்தது, கீழே இருக்கும் ஊருக்குப் பதில் சொல்லும் வழி அதில் வைக்கப்படவே இல்லை. வெளியூர்க்காரர் வந்து உட்காருவார், ஊரைத் தெரிந்துகொள்வதற்குள் மாறிப் போய்விடுவார். இந்த அமைப்புதான் இன்றைக்கும் இருக்கிறது.

ஊரைத் தெரியாத போலீஸ் என்ன செய்யும்? கூட்டம் கூட்டமாகச் சந்தேகப்படும். குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871-ல் வட இந்தியாவில் வந்தது, 1911-ல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்று பெயரைப் பதிவு செய்து, கைரேகை எடுத்து, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்னார்கள். அதை எதிர்த்த மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947-ல் ரத்தானது. ஆனால் "இந்த ஊர்க்காரனா? அப்படியானால் இவன்தான்" என்று முடிவு கட்டிவிட்டு விசாரணையை ஆரம்பிக்கும் பழக்கம் சட்டம் போனதோடு போய்விடவில்லை, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

தகவல் எந்த வழியில் போகிறது

முன்பு கிராம முன்சீப், கர்ணம், தலையாரி என்று பரம்பரையாக வந்த ஆட்கள் இருந்தார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது, அவர்கள் வேலையைப் பார்க்கக் கிராம நிர்வாக அலுவலர்கள், நாம் வி.ஏ.ஓ. என்று சொல்கிறவர்கள் வந்தார்கள். தலையாரி இப்போது அரசுக் கணக்கில் கிராம உதவியாளர், ஊரில் இன்னும் தலையாரிதான்.

வி.ஏ.ஓ.வுக்குப் பட்டா, அடங்கல் தவிர வேறு வேலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது, அதன் 34-ஆம் பிரிவைப் பாருங்கள். ஊரில் திருட்டுப் பொருள் வாங்கி விற்பவர் குடியிருந்தால், ஜாமீனில் விட முடியாத குற்றம் நடந்தால், திடீர் மரணமோ சந்தேக மரணமோ நேர்ந்தால் உடனே ஸ்டேஷனுக்கோ மாஜிஸ்ட்ரேட்டுக்கோ சொல்ல வேண்டும் என்பது வி.ஏ.ஓ., கிராம உதவியாளர், பஞ்சாயத்து உறுப்பினர் எல்லோருடைய சட்டக் கடமை. "எனக்கெதுக்கு வம்பு" என்று ஒதுங்குகிற வார்டு உறுப்பினருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், ஆச்சரியப்படுவார். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றும்போது அதற்கு எழுதும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவரும் பெரும்பாலும் வி.ஏ.ஓ.தான்.

போலீஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் பீட் என்று ஒரு ஏற்பாடு. ஸ்டேஷன் எல்லையைப் பிரித்து ஆளுக்கு இத்தனை ஊர் என்று ஒப்படைப்பார்கள், ரோந்து போகிறவர் கோயில், பேங்க், நகைக்கடை, பூட்டிய வீடு என்று குறிப்பிட்ட இடங்களில் வைத்திருக்கும் ரோந்துப் புத்தகத்தில் (அதையும் பட்டா புத்தகம் என்பார்கள்) நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். சில இடங்களில் இப்போது செல்போனில் ஸ்கேன் செய்கிறார்கள். கையெழுத்து இருக்கிறது என்பதற்காக ஊரைப் பார்த்தார் என்று அர்த்தமில்லை, ஆனாலும் இரண்டு மணிக்கு ஒரு பைக் வந்து போகும் என்ற எண்ணமே திருட வருகிறவனைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

இது தவிர ஸ்டேஷனுக்கு ஒருவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரான எஸ்.பி.யின் தனிப்பிரிவு ஆள் இருப்பார். டீக்கடையில் சாதா உடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் பேசிக்கொண்டிருப்பவர். எந்த ஊரில் கொடிக்கம்பத்தால் புகைச்சல், எந்தக் கோயில் திருவிழாவில் முதல் மரியாதைத் தகராறு, எங்கே காதல் விவகாரம் பெரிதாகப் போகிறது என்று நேராக மாவட்டத் தலைமைக்குச் சொல்வது அவர் வேலை. இன்ஸ்பெக்டர் ஒரு விஷயத்தை மூடினாலும் இன்னொரு வழியில் மேலே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இனி யாரும் அவ்வளவாகச் சொல்லாத வழி. நடப்பில் ஸ்டேஷனுக்குப் போகும் தகவலில் பெரும்பங்கு ஊர்ப் பெரியவர்கள் வழியாகப் போகிறது. நாட்டாமை, முன்னாள் தலைவர், கட்சிக் கிளைச் செயலாளர், செங்கல் சூளைக்காரர், யாரோ ஒருவர். புதிதாக வந்த எஸ்.ஐ.க்கு ஊர் தெரியாது, அவருக்கு ஊரை அறிமுகப்படுத்துகிறவரும் ஜீப்புக்கு அவசரத்துக்கு டீசல் போட்டுக் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அவர் கண்ணால்தான் ஸ்டேஷன் அந்த ஊரைப் பார்க்கும். பெரியவர் நியாயமானவராக இருந்தால் பிழைத்தோம். ஆனால் அடித்தவர் அந்தப் பெரியவரின் மகனாக இருந்தால்? காலனியில் இருக்கும் குடும்பம் ஊர்த் தெருக்காரர் மீது புகார் கொடுக்க வேண்டியிருந்தால்? கூலிக்கும் தண்ணீருக்கும் அவரிடமே போய் நிற்க வேண்டியவர் அவரைத் தாண்டி எப்படிப் போவார்?

மதுரை மாவட்டத்து மேலவளவு இதற்குச் சாட்சி. 1996-ல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனுத் தாக்கல் செய்தவர்கள் மிரட்டலுக்குப் பயந்து வாபஸ் வாங்கினார்கள், தேர்தலே நடக்க முடியாமல் தள்ளிப் போய்ப் பிறகு பாதுகாப்போடு நடந்தது, முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ஆம் தேதி மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது அவரையும் கூட இருந்த ஐந்து பேரையும் வழிமறித்துக் கொன்றார்கள். மிரட்டல் இருப்பது நிர்வாகத்தில் எல்லோருக்கும் முன்பே தெரியும். தகவலுக்குக் குறைவே இல்லை. தகவல் சொன்னவர்களின் உயிருக்கு ஸ்டேஷன் கொடுத்திருக்க வேண்டிய மதிப்புதான் அங்கே இல்லாமல் போனது.

1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த இடத்துக்காகத்தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வரும் வழக்கை டி.எஸ்.பி., அதாவது துணைக் கண்காணிப்பாளர், நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியர் மீதே வழக்குப் போடலாம், முதல் தகவல் அறிக்கையான எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் ஆரம்பகட்ட விசாரணை தேவையில்லை. ஊரில் உள்ளவர்களின் செல்வாக்கு எட்டாத உயரத்துக்கு வழக்கைத் தூக்கி வைப்பதுதான் அதன் நோக்கம்.

ஆடு, வயர், தோட்டத்து வீடு, சாராயம்

கிராமத்துக் குற்றம் என்றால் கொலை, கொள்ளை மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் நாலு ஆடுகளாகத் தொழுவத்தில் நிற்கும், பள்ளிக்கூட ஃபீஸ், வைத்தியச் செலவு எல்லாம் அதுதான். ஸ்டேஷனில் "ஆடுதானே" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பி வந்தவர் அடுத்த முறை எதற்கும் போக மாட்டார், பெரிய குற்றம் நடந்தாலும் போக மாட்டார். சின்னப் புகாரை மதிக்காத ஸ்டேஷனுக்குப் பெரிய தகவல் வராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆடு திருடுவது விளையாட்டும் இல்லை. 2021 நவம்பரில் திருச்சி மாவட்டம் நவல்பட்டு ஸ்டேஷன் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் ராத்திரி ரோந்தில் ஆடு திருடிப் போகிறவர்களை பைக்கில் விரட்டிக்கொண்டு போனார். மாவட்ட எல்லை தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் அவர்களை மடக்கினார், அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ராத்திரியில் தனி ஆளாக, பின்னால் உதவிக்கு யாரும் வந்து சேருவதற்குள். நான் மேலே சொன்ன ஒரு பைக் கணக்கின் விலை இது.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் தெரிந்திருக்க வேண்டும். புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் களவு போனால் அது போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கக்கூடிய குற்றமாக வைக்கப்படவில்லை, மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேண்டும். சேவல், குட்டி, பழைய சைக்கிள் எல்லாம் இதில் விழுந்துவிடும். ஏழை வீட்டுத் திருட்டைச் சட்டமே சின்னதாக்கிவிட்டது என்பது என் வருத்தம். அதனால் ஆடு போனால் புகாரில் வெறுமனே "ஆடு" என்று எழுதாமல் எத்தனை, கிடாயா பெட்டையா, நிறம், அடையாளம், சந்தை விலை எவ்வளவு என்று எழுதுங்கள்.

கொங்குப் பக்கத்தில் பிரச்சினை வேறு. அங்கே வீடுகள் ஊருக்குள் இல்லாமல் அவரவர் தோட்டத்தில் தள்ளித் தள்ளி இருக்கும், பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டால் வயதான இரண்டு பேர் மட்டும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள், 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே ஒரு வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள், இரண்டும் தோட்டத்து வீடுகள். கத்தினால் கேட்க ஆளில்லாத இடத்துக்குக் கேமரா மட்டும் போதாது. தனியாக இருக்கும் வீடுகளின் பட்டியல் ஸ்டேஷனில் இருக்க வேண்டும், பீட் காவலர் பகலில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும், அவர் நம்பர் அந்த வீட்டுச் செல்போனில் இருக்க வேண்டும். செலவில்லாத வேலை, ஆனால் அதற்கு ஆள் வேண்டும்.

சாராயம் முற்றிலும் வேறு மாதிரி. திருடன் யாரென்று தெரியாமல் தேடுவது ஒன்று, விற்பவர் யாரென்று தெருவுக்கே தெரிந்திருப்பது இன்னொன்று. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த வருடமே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 60 பேருக்கு மேல். கருணாபுரம் ஏதோ மலைக்காட்டில் இல்லை, நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. விற்பது தெரிந்தும் ஏன் யாரும் சொல்லவில்லை என்று வெளியூரில் இருந்து கேட்பது எளிது. காலையில் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொன்னவர் பெயர் சாயங்காலம் விற்கிறவனுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கும் ஊரில் யார் சொல்வார்கள்? தகவல் கொடுத்தவர் யாரென்று சொல்லும்படி போலீஸை நீதிமன்றம்கூடக் கட்டாயப்படுத்த முடியாது, சாட்சியச் சட்டம் அவ்வளவு பாதுகாப்பு வைத்திருக்கிறது. உள்ளே இருப்பவரே காசுக்குச் சொல்லிவிட்டால் அந்தப் பாதுகாப்புக்கு ஒரு மதிப்பும் இல்லை. உள்ளூர் ஸ்டேஷன் மீது நம்பிக்கை இல்லாவிட்டால் மாவட்ட மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்கோ எஸ்.பி. அலுவலகத்துக்கோ சொல்லலாம்.

புகாரைக் காகிதமாக்குவது

சரி, ஸ்டேஷனுக்குப் போய்விட்டீர்கள். வாயால் சொல்லிவிட்டு வருவது புகார் ஆகாது. எழுதிக் கொடுங்கள், எழுதத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டியது அவர்கள் கடமை. மனுவை வாங்கியதும் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது தருவார்கள். பலர் இதை வாங்கிக்கொண்டு வழக்குப் போட்டாயிற்று என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர்., முதல் தகவல் அறிக்கை, அதற்கு ஒரு குற்ற எண் இருக்கும்.

வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. புதிய சட்டம் ஒரு சின்ன விலக்கு வைத்திருக்கிறது. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றமாக இருந்தால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் ஆரம்பகட்ட விசாரணை செய்து பார்க்கலாம். அதைச் சாக்காக வைத்து மாதக்கணக்கில் இழுக்க முடியாது. "இது எங்கள் லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பவும் முடியாது, எந்த ஸ்டேஷனில் சொன்னாலும் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் புகார் கொடுக்கலாம், மூன்று நாட்களுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், பேப்பர் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டால் அது தவறு. புகாரை வாங்க மறுத்தால் அதே புதிய சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம்.

கிராமத்தில் அதிகம் கேட்கும் பதில் "இது சிவில் மேட்டர்". வரப்பு, பாதை, பாகப் பிரிவினை என்றால் அது பெரும்பாலும் உண்மைதான், போலீஸ் நிலத்தை அளந்து கொடுக்க முடியாது. ஆனால் அதே வரப்புக்காக மண்டையை உடைத்திருந்தால் அது சிவில் இல்லை. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால் சிவில் என்று சொல்லி மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்கள், அடித்ததைத் தனியாக எழுதிக் கொடுங்கள். நிலத் தகராறு அடிதடியாகும் என்ற பயம் இருந்தால் கோட்டாட்சியர் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து உத்தரவு போடலாம், அமைதியாக இருப்பேன் என்று பிணைப் பத்திரமும் எழுதி வாங்கலாம்.

அப்புறம் கட்டப்பஞ்சாயத்து. மரத்தடியில் உட்கார்ந்து அபராதம் போடுவது, ஊரை விட்டு ஒதுக்கி வைப்பது, கலப்புத் திருமணம் செய்தவர்களை மிரட்டுவது எல்லாம் முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. ஸ்டேஷனுக்குள்ளேயே இரண்டு பக்கமும் பெரியவர்களை உட்கார வைத்து "பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்புவதும் பல நேரம் அதே வேலைதான். சின்ன வாய்த்தகராறுக்கு அது உதவலாம், நான் மறுக்கவில்லை. அடிபட்ட பெண்ணையும் அடித்த கணவரையும் எதிரெதிரே உட்கார வைத்து எழுதி வாங்குவது சமாதானம் ஆகாது. பாலியல் குற்றங்களில் பெண் கொடுக்கும் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன, ஆனால் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, பக்கத்து ஸ்டேஷனே பதிவு செய்ய வேண்டும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 100 அல்லது 112, ஆன்லைனில் பணம் போனால் 1930.

உதவிக்கு வருகிறவர்களும் எல்லை மீறுகிறவர்களும்

ஆள் போதாது என்றால் ஊர் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாமே என்ற யோசனை இயல்பாக வரும். ஊர்க்காவல் படை அப்படித்தான் இருக்கிறது, பந்தோபஸ்துக்கு வருவார்கள். 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப், ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார், மாநிலம் முழுக்கப் பரவியது. போலீஸும் ஜனங்களும் பேசிக்கொள்ள ஒரு பாலம் என்பதுதான் நோக்கம், நல்ல நோக்கம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது சம்பந்தமாகப் பிடித்துக்கொண்டு போன அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டு அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதைத் தொடர்ந்து இந்த அமைப்பின் மீதும் கேள்விகள் எழுந்து, 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. யார் சேருகிறார்கள், யார் தேர்ந்தெடுக்கிறார்கள், தப்புச் செய்தால் யார் பொறுப்பு என்று எழுதி வைக்காமல் ஊர் ஆளுக்குப் போலீஸ் நிழலைக் கொடுத்தால், ஏற்கெனவே செல்வாக்கு உள்ளவர்தான் அந்த நிழலில் வந்து நிற்பார். இப்போது ஊர்தோறும் நன்கொடையில் கேமரா வைக்கிறார்கள், அதிலும் இதே கேள்வி இருக்கிறது. காசு கொடுத்தவர் வீட்டு வாசலைத்தான் கேமரா பார்க்கிறதா, காலனி முனையையும் பார்க்கிறதா?

அடித்துத்தான் உண்மையை வாங்க முடியும் என்று ஊரிலேயே பலர் நம்புகிறார்கள், போலீஸுக்குக் கை தட்டவும் செய்கிறார்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, அதைச் சொல்லி ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அடித்து வாங்கியதில் நிஜத் திருடன் வெளியே இருப்பான், யாரோ ஒருவர் உள்ளே இருப்பார், ஆடு திரும்பி வராது. அடி வாங்கினவரின் தெருவிலிருந்து அதற்குப் பிறகு ஒரு தகவலும் வராது.

விசாரணைக்குக் கூப்பிட்டால் தெரிந்திருக்க வேண்டியவை சில. சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 15 வயதுக்குட்பட்டவர்களையும், 60 வயது தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். "சும்மா வந்துட்டுப் போங்க" என்று போனில் கூப்பிட்டால் எழுத்துமூலம் நோட்டீஸ் கேட்கலாம். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். வக்கீலுக்கு வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம், தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலீஸ் சீர்திருத்தத்துக்கு ஏழு கட்டளைகள் போட்டது. காரணமில்லாமல் இடையில் மாற்றாமல் குறைந்தபட்சப் பதவிக்காலம் கொடுப்பது, விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனி ஆட்களிடம் பிரிப்பது, போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வைப்பது எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாடு 2013-ல் இதற்கென்று ஒரு சட்டமும் கொண்டுவந்தது. கிராமத்துக்கு இதில் எது முக்கியம் என்று என்னைக் கேட்டால் பதவிக்காலத்தைத்தான் சொல்வேன். இரண்டு வருடம் ஒரே இடத்தில் இருக்கும் எஸ்.ஐ.க்கு ஊர் தெரியும், பெரியவரின் துணையில்லாமலே காலனிக்குள் போய் வரத் தெரியும்.

அதுவரை, உங்கள் ஊர் எந்த ஸ்டேஷன் எல்லை, பீட் காவலர் யார், டி.எஸ்.பி. அலுவலகம் எங்கே, வி.ஏ.ஓ. நம்பர் என்ன என்ற நாலு விவரத்தையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் காலனி ரேஷன் கடைச் சுவரிலும் எழுதி வைக்கச் சொல்லிக் கிராம சபையில் கேட்கலாம். புகார் கொடுத்து 90 நாட்களுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்கு அவர்களே சொல்ல வேண்டும் என்பது இப்போது சட்டம். சொல்லாவிட்டால் குற்ற எண்ணோடு போய்க் கேளுங்கள். பல மாவட்டங்களில் புதன்கிழமை தோறும் எஸ்.பி. நேரில் மனு வாங்குகிறார், பழைய சி.எஸ்.ஆர். நகலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.